ஷூவை பெடல்ல மாட்டுறது ஈசி, கழட்டுறது தான் மேட்டரே

வடசென்னை காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடி போய் நின்னா தெரியும், மீன்பாடி வண்டில ஐஸையும் மீன் கூடையையும் ஏத்திக்கிட்டு வெறுங்கால்ல மிதிச்சுக்கிட்டு போற ஆளுங்க இன்னும் இருக்காங்க. நிறைய வண்டில மோட்டார் வச்சிட்டாங்க தான், ஆனா மிதிக்கிறவங்க மிதிச்சுக்கிட்டு தான் இருக்காங்க. அவங்க கால்ல ஷூவும் இல்ல பெடல்ல கொக்கியும் இல்ல. அதனால முதல்லயே சொல்லிடுறேன், சைக்கிள் ஓட்ட, பெடல்ல டக்குனு பூட்டிக்கிற இந்த ஷூ கட்டாயம் கிடையாது. தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்கு காய் வாங்க போறவங்க, பையனை ஸ்கூல்ல விட போறவங்க எல்லாம் இதுக்கு காசை கொட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை விடிகாலைல கெளம்பி செங்குன்றம், சோழவரம், இல்லனா மீஞ்சூர் தாண்டி பழவேற்காடு வரைக்கும் போய்ட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வீடு திரும்புற கேஸுங்களுக்கு தான் இது.

சரி, என்னா லாபம்? காலை மேல இழுத்து இழுத்து மிதிக்கலாம், பவர் டபுளாகும்னு கடையில அடிச்சு விடுவாங்க, அதை நம்பாதீங்க, பவர் வர்றதெல்லாம் கீழ அழுத்துறதுல தான். நெசமான லாபம் வேற. கால் ஒரே இடத்துல நிக்கும். மழைல வழுக்காது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி போட்ட பள்ளத்துல வண்டி குதிக்கும்போது கால் பெடலை விட்டு எகிறாது, வேகமா சுத்தும்போது கால் எங்க இருக்குன்னு யோசிக்கவே வேணாம். அப்புறம் இந்த ஷூவோட அடிப்பாகம் பலகை மாதிரி கெட்டியா இருக்கும், ஸ்போர்ட்ஸ் ஷூ மாதிரி பெடல் மேல வளையாது, அதனால 60, 70 கிலோமீட்டர் போனப்புறமும் பாதத்துக்கு நடுவுல எரியாது. எனக்கு அது ஒண்ணே போதும்னு இருந்துச்சு.

இதுக்கு கிளிப்லெஸ் பெடல்னு பேரு, இந்த பேரை கேட்டு குழம்பாத ஆளே கிடையாது, ஏன்னா கிளிப்பே இல்லன்னு பேரை வச்சுட்டு டப்புனு மாட்டிக்குது. கதை என்னன்னா அந்த காலத்து ரேஸ் சைக்கிள்ல பெடலுக்கு முன்னாடி ஒரு கம்பி கூடு இருக்கும், அதுக்குள்ள விரலை விட்டு தோல் வாரை இழுத்து கட்டிக்குவாங்க, அந்த கூட்டுக்கு பேரு தான் டோ கிளிப். அந்த கிளிப் இல்லாத பெடல்ங்கிறதால கிளிப்லெஸ். 1984ல பிரான்ஸ்ல லுக்னு ஒரு கம்பெனி இதை ஒழுங்கா செஞ்சு வித்தாங்க, அவங்க பனிச்சறுக்கு கட்டையில பூட்ஸை மாட்டுற கொக்கி செய்யுறவங்க, அதே ஐடியாவை பெடலுக்கு கொண்டு வந்துட்டாங்க. அடுத்த வருஷமே, 1985ல, பெர்னார் இனோங்கிற பிரெஞ்சு வீரர் அந்த பெடலோட டூர் டி பிரான்ஸ் ரேஸை ஜெயிச்சுட்டாரு, அதுக்கப்புறம் வாரு கட்டுற ஆளுங்க ஒவ்வொருத்தரா மாறிட்டாங்க. 1990ல ஷிமானோங்கிற ஜப்பான் கம்பெனி எஸ்பிடின்னு, ஷூவுக்கு அடியில மாட்டுற சின்ன இரும்பு துண்டு (கிளீட்) ஒண்ணு கொண்டு வந்தாங்க, மண்ணு ரோட்டுல ஓட்டுறவங்களுக்காக. இன்னைக்கு நம்ம ஊர்ல இந்த ஷூ போடுறவங்க நிறைய பேர் கால்ல இருக்குறது அதோட வாரிசு தான்.

எப்படி மாட்டுதுன்னு புரிஞ்சுட்டா பயம் பாதி போயிடும். ஷூவுக்கு அடியில ஒரு சின்ன இரும்பு துண்டு, அது தான் கிளீட். பெடல்ல முன்னாடி ஒரு கொக்கி, பின்னாடி ஸ்பிரிங் வச்ச இன்னொரு கொக்கி. கிளீட்டோட மூக்கை முன்னாடி கொக்கிக்கு அடியில விட்டு குதிகாலை அழுத்துனா பின்னாடி கொக்கி விலகி வழி விட்டு மறுபடியும் கவ்விக்கும், அந்த டக்குன்னு சத்தம் அது தான். கழட்டணும்னா குதிகாலை வெளிப்பக்கமா திருப்பணும், திருப்புனா கிளீட்டோட ஓரம் ஸ்பிரிங்கை தள்ளி கொக்கி விட்டுடும். பழைய குண்டு பல்பு ஞாபகம் இருக்கா, ரெண்டு பக்கம் பின் வச்சது, அதை ஹோல்டர்ல இருந்து இழுத்தா வருமா, வராது, திருப்பணும். இதுவும் அதே தான். பயத்துல எல்லாரும் பண்றது என்னன்னா காலை மேல இழுக்குறது. இழுக்க இழுக்க அது விடாது, விடக்கூடாதுன்னு தான் அதை செஞ்சே இருக்காங்க.

இப்போ எதை வாங்குறது. ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு ரெண்டு போல்ட் கிளீட், எஸ்பிடி, சின்னதா இரும்புல இருக்கும், ஷூவோட ரப்பர் அடிக்குள்ள அமுங்கி உக்காந்துடும், அதனால கீழ எறங்கி நடக்கலாம். இன்னொண்ணு மூணு போல்ட், எஸ்பிடி எஸ்எல், லுக் கியோ இதெல்லாம், பெரிய முக்கோண பிளாஸ்டிக் துண்டு, ஷூவுக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். ரேஸ் ஓட்டுறவங்களுக்கு அது நல்லா இருக்கும், பெடல் மேல அழுத்தம் அகலமா பரவும். ஆனா டைல்ஸ் போட்ட டீக்கடை வாசல்ல அதை போட்டுட்டு நடந்தா தாரா நடக்குற மாதிரி இருக்கும், வழுக்கி விழுந்தா சிரிக்க தான் ஆள் இருக்கும், அந்த பிளாஸ்டிக்கும் நம்ம ஜல்லி ரோட்டுல சீக்கிரம் தேஞ்சு போயிடும். வடசென்னைல ஓட்டுறவங்களுக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கிட்டு எஸ்பிடிக்கு தான். இங்க பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி எறங்க வேண்டி வரும், ரயில்வே கேட்டு, சப்வே தண்ணி, லாரி க்யூ, ஏதோ ஒண்ணு.

எஸ்பிடிலயும் ரெண்டு கிளீட் இருக்கு, இதை யாரும் புதுசுல சொல்ல மாட்டாங்க. எஸ்எச்51ன்னா குதிகாலை பக்கவாட்டுல திருப்புனா மட்டும் தான் விடும். எஸ்எச்56ன்னா எந்த பக்கம் முறுக்கி பலமா இழுத்தாலும், மேல இழுத்தா கூட, விட்டுடும். முதல் தடவை மாட்டுறவங்க 56 வாங்குங்க, பதட்டத்துல தப்பா இழுத்தாலும் கால் வந்துடும். கொஞ்ச நாள் கழிச்சு எழுந்து நின்னு மிதிக்கும்போது தானா கழண்டுக்கும், அன்னைக்கு கடுப்பாகும், அப்போ 51க்கு மாறிக்கலாம். பெடல்லயும் ஒரு பக்கம் கொக்கி, ஒரு பக்கம் சாதா தட்டையா இருக்குற மாடல் வருது, ஷிமானோ ஈஎச்500 அப்படி தான். செருப்பு போட்டுட்டு பால் வாங்க போகவும் ஆகும், ஞாயித்துக்கிழமை ஷூ மாட்டவும் ஆகும். ரெண்டு பக்கமும் கொக்கி இருக்குற எம்520 மாடலும் நல்லா உழைக்கும், எந்த பக்கம் மேல வந்தாலும் கால் மாட்டிக்கும், ஆனா செருப்பு போட்டு மிதிச்சா பாதத்துல குத்தும்.

நான் முதல் தடவை பண்ண கூத்தை சொல்றேன். ஆன்லைன்ல ஷூ சல்லிசா வந்துச்சுன்னு ஆர்டர் போட்டேன், பெடலை வேற எடத்துல வாங்கிட்டேன். ஷூ வந்து பாத்தா அடியில மூணு ஓட்டை தான் இருக்கு, என் கைல இருக்குறது ரெண்டு போல்ட் எஸ்பிடி. திருப்பி அனுப்ப போன் போட்டு போட்டு அலுத்து போய் கடைசில மச்சான் ஒருத்தன் தலைல கட்டிட்டேன். அதனால ஷூவோட அடிப்பக்க போட்டோவை பாக்காம வாங்காதீங்க. சில ஷூல ரெண்டு ஓட்டை, மூணு ஓட்டை ரெண்டும் இருக்கும், அது பரவால்ல. அதே மாதிரி ஒரு கம்பெனி கிளீட் இன்னொரு கம்பெனி பெடல்ல உக்காரும்னு நெனைக்காதீங்க, லுக் கிளீட் எஸ்பிடி எஸ்எல்ல உக்காராது, பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். பெடல் டப்பாவுல வர்ற கிளீட்டையோ, அதே கம்பெனி அந்த பெடலுக்குன்னு விக்கிற கிளீட்டையோ போடுங்க, பிரச்சினையே இல்ல. சைஸை பொறுத்த வரைக்கும் சாயங்காலம் பேப்பர் மேல கால் வச்சு சென்டிமீட்டர்ல அளந்துக்குங்க, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், நம்ம வெயில்ல ஓட்டும்போதும் அப்படி தான் வீங்கும். விரல் முன்னாடி இடிக்கக்கூடாது, குதிகால் தூக்கக்கூடாது, அவ்ளோ தான்.

பெடல் மாத்துறது. இங்க தான் நிறைய பேர் க்ராங்க்ல, அதாவது பெடல் மாட்டுற கைல, மரையை காலி பண்றாங்க. வலது பெடல் சாதா மரை, இடது பெடல் தலைகீழ் மரை. சுத்த சுத்த பெடல் தானா கழண்டு வராம இருக்க அப்படி வச்சிருக்காங்க, பிளேன் கண்டுபிடிச்ச ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்துன காலத்துல, 1900லயே, இந்த மாதிரி மரை வச்ச பெடலை விளம்பரம் பண்ணி இருக்காங்க. எந்த பக்கம் திருப்பணும்னு மண்டை குழம்புனா ஒரு கணக்கு வச்சுக்குங்க, ஸ்பேனர் மேல பாத்த மாதிரி இருக்கட்டும், சைக்கிளோட முன் சக்கரம் பக்கம் தள்ளுனா டைட், பின் சக்கரம் பக்கம் இழுத்தா லூஸ், ரெண்டு பக்கத்துக்கும் இதே தான். சிலதுக்கு 15 எம்எம் ஸ்பேனர் வேணும், சிலது உள்பக்கத்துல இருந்து 6 இல்ல 8 எம்எம் அலன் கீ, அதாவது ஆறு பட்டை கம்பி சாவி கேக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி செயினை பெரிய பல்சக்கரத்துல போட்டுக்குங்க, ஏன்னா ஸ்பேனர் திடீர்னு விட்டுச்சுன்னா கை முட்டி நேரா பல்சக்கரத்தோட பல்லு மேல தான் போய் இறங்கும், செயின் மூடி இருந்தா ரத்தம் வராது, வெறும் கறுப்பு கிரீஸ் தான். கியர் சைக்கிள்ல பெடல் மரை பெரும்பாலும் 9/16 இன்ச், சின்ன பசங்க சைக்கிள்ல அரை இன்ச் வரும், அதுல இது ஏறாது, முறுக்கி ஏத்த பாக்காதீங்க. புது பெடல் மரைல கிரீஸ் தடவி முதல் நாலு சுத்து கையாலயே ஏத்துங்க, கையால ஏறலன்னா கோணலா போகுதுன்னு அர்த்தம், எடுத்துட்டு மறுபடியும் வைங்க. அதுக்கப்புறம் ஸ்பேனர் போட்டு நல்லா இறுக்குங்க.

நான் இதை வண்ணாரப்பேட்டைல எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன் கிட்ட தான் பண்ண சொன்னேன். அவரு நாப்பது வருஷமா பால்ரஸ் மாத்துறவரு, பெடலை திருப்பி திருப்பி பாத்துட்டு "இன்னா பா இது, காலை பெடலோட வெல்டிங் வச்சுக்க போறியா, லாரிக்காரன் வந்தா எங்க குதிப்ப" ன்னாரு. "இல்லண்ணே, குதிகாலை திருப்புனா வந்துடும்" னேன். "லாரிக்காரனை பாத்தப்புறம் குதிகாலா ஞாபகம் வரும் உனக்கு" ன்னு சொல்லிட்டு மரைக்கு கிரீஸ் போட்டாரு. அவரு சொன்னது தான் இந்த மொத்த விஷயத்துக்கும் சரியான கேள்வி, அதுக்கு பின்னாடி வரேன்.

முதல்ல கிளீட் மாட்டணும். இதுக்கு நேரம் ஒதுக்குங்க, ராத்திரி பத்து மணிக்கு அவசரத்துல பண்ணாதீங்க. சில ஷூல கிளீட் உக்கார்ற எடத்தை ரப்பர் துண்டு மூடி இருக்கும், அதை கழட்டணும் இல்ல கத்தியால வெட்டி எடுக்கணும். ஷூக்குள்ள உள்பாயை தூக்கி பாத்தா ரெண்டு மரை ஓட்டை இருக்குற ஒரு தகடு முன்ன பின்ன நகரும், அதுல தான் போல்ட் பிடிக்கும். ஷூவை போட்டுக்கிட்டு நின்னு, கட்டைவிரலுக்கு பின்னாடி உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்குற எலும்பை தொட்டு பாருங்க, அந்த எடத்துக்கு நேரா ஷூவோட ஓரத்துல பேனாவுல ஒரு புள்ளி வைங்க. சுண்டுவிரல் பக்கமும் அதே மாதிரி ஒரு எலும்பு இருக்கும், அங்கயும் ஒரு புள்ளி. இந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல பெடலோட அச்சு வர்ற மாதிரி கிளீட் உக்காரணும். தெரியலன்னா கொஞ்சம் பின்னாடி, குதிகால் பக்கமா தள்ளி வைங்க, முன்னாடி வச்சா கெண்டைக்கால் தான் வேலை செஞ்சு செத்துடும், விரலும் மரத்துப் போயிடும்.

கிளீட்டோட கூர் மூக்கு ஷூவோட விரல் பக்கம் பாக்கணும், இதை திருப்பி மாட்டிட்டு பெடல் ரிப்பேர்னு சொன்ன ஆளையும் பாத்திருக்கேன். கோணத்துக்கு ஒரு வழி சொல்றேன், ஒசரமான மேஜை மேல உக்காந்து ரெண்டு காலையும் தொங்க விடுங்க, பாதம் தானா எப்படி நிக்குதுன்னு பாருங்க, சிலருக்கு நேரா இருக்கும், சிலருக்கு வெளிப்பக்கம் சாஞ்சு இருக்கும். கிளீட்டும் உங்க கால் எப்படி நிக்குமோ அப்படி தான் நிக்கணும், யூட்யூப்ல வர்றவரு காலு மாதிரி இல்ல. எஸ்பிடில கால் கொஞ்சம் இங்கயும் அங்கயும் ஆட இடம் இருக்கும், சுமார் 4 டிகிரி, அதை ஃப்ளோட்னு சொல்வாங்க, அது முட்டிக்கு ரொம்ப நல்லது. மூணு போல்ட் வாங்குறவங்க ஷிமானோல மஞ்சள் கிளீட் எடுங்க, அதுல 6 டிகிரி ஆடும், நீலம் 2, சிவப்பு ஆடவே ஆடாது. சிவப்பு பாக்க சோக்கா இருக்குன்னு வாங்கிட்டு முட்டி வலின்னு ஸ்டான்லி ஆஸ்பத்திரி க்யூல நிக்காதீங்க.

போல்ட் மரைல ஒரு சொட்டு கிரீஸ் கண்டிப்பா வைங்க, நம்ம கடல் காத்துக்கு ஆறு மாசத்துல துரு பிடிச்சு ஒட்டிக்கும். 4 எம்எம் அலன் கீ போதும், ஒரு போல்ட் கொஞ்சம், இன்னொண்ணு கொஞ்சம்னு மாத்தி மாத்தி இறுக்குங்க. கணக்கு 5ல இருந்து 6 நியூட்டன் மீட்டர், அந்த இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ஸ்பேனர் இல்லன்னா அலன் கீயோட குட்டை கையை போல்ட்டுல விட்டு நீட்டு பக்கத்தை பிடிச்சு நல்லா அழுத்தமா இறுக்கிட்டு நிறுத்திக்குங்க, மேல ஏறி நிக்க வேணாம். லூசா விட்டீங்கன்னா ஒரு பெரிய ஆபத்து இருக்கு. ஷூவை திருப்பும்போது கிளீட் பெடல்லயே நிக்கும், ஷூ மட்டும் சுத்தும், கழண்டே வராது. அப்போ ரோட்டுல செருப்புக்கடை மாதிரி ஷூவை பெடல்லயே விட்டுட்டு காலை உருவிட்டு இறங்கணும். முதல் ரைடு முடிஞ்சதும் ஒருவாட்டி மறுபடியும் இறுக்கி பாருங்க, எப்பவும் கொஞ்சம் உக்காந்திருக்கும்.

பெடல் பின்பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் 3 எம்எம் அலன் கீ, அது தான் ஸ்பிரிங்கோட இறுக்கம். அதை புதுசுல அப்படியே விடாதீங்க, இடது பக்கம் திருப்பி லூஸ் பண்ணி கடைசி வரைக்கும் குறைச்சுடுங்க, ஆனா ஸ்க்ரூவை முழுசா வெளிய எடுத்துடாதீங்க. எம்520 மாதிரி ரெண்டு பக்க பெடல்னா ரெண்டு பக்கமும் ஒரே அளவு, வலது இடது ரெண்டுக்கும் சேத்து நாலு ஸ்க்ரூ, ஒண்ணை மறந்தா அந்த பக்கம் மாட்டும்போது தான் கால் வராது, அதுவும் கரெக்டா பஸ்ஸுக்கு முன்னாடி. டைட்டா வைக்கிறது கெத்துன்னு ஒரு கூட்டம் சொல்லும், அவங்க பேச்சை ரெண்டு மாசம் கழிச்சு கேக்கலாம்.

இப்போ பிராக்டிஸ். ரோட்டுக்கு போகாதீங்க. மொட்டை மாடில சைக்கிளை ஏத்த முடிஞ்சா பெஸ்ட், இல்லன்னா சந்துல சுவர் பக்கமா நிறுத்தி ஒரு கையை சுவத்துல வச்சுக்கிட்டு சீட்டுல உக்காருங்க. ஒரு காலை மட்டும் மாட்டுங்க, கழட்டுங்க. மாட்டுறப்போ விரலை முன்னாடி தள்ளி மூக்கு கொக்கிக்குள்ள போறதை பாதத்துல உணரணும், அப்புறம் குதிகாலை கீழ அமுத்தணும், கீழ குனிஞ்சு பாத்துட்டே இருந்தா பழகாது. கழட்டுறப்போ பெடல் கீழ இருக்கட்டும், முட்டியை அப்படியே வச்சுட்டு குதிகாலை மட்டும் வெளிய எத்துற மாதிரி ஒரு தள்ளு. ஒரு காலுக்கு 50 தடவை, இன்னொரு காலுக்கு 50 தடவை. போரடிக்கும். பக்கத்து வீட்டு பாட்டி என்னடா பண்றன்னு கேக்கும். பண்ணுங்க. குதிகாலுக்கு இது பழக்கமாகணும், மூளைல இருந்தா பத்தாது, அண்ணன் சொன்ன லாரி நேரத்துல மூளை எங்க இருக்கும்.

நம்ம நாட்டுல இடது பக்கம் ஓட்டுறதால இடது காலை தான் கீழ வைக்கணும், பிளாட்பாரம், மண்ணு எல்லாம் அந்த பக்கம் தான், வலது பக்கம் வச்சா வண்டி வர்ற பக்கம் சாயறீங்க. அதனால வலது கால் மாட்டியே இருக்கட்டும். கெளம்பும்போது வலது காலை மாட்டி பெடலை கொஞ்சம் மேல முன்னாடி கொண்டு வந்து ஒரு மிதி மிதிச்சு சீட்டுல ஏறிடுங்க, வண்டி நேரா உருள ஆரம்பிச்சப்புறம் தான் இடது காலை மாட்டணும். மாட்டலன்னா பரவால்ல, பெடல் மேல சும்மா வச்சு நாலு மிதி மிதிங்க, சிக்னலை தாண்டுன பிறகு மாட்டிக்கலாம். நிறுத்தும்போது பதினைஞ்சு மீட்டருக்கு முன்னாடியே இடது காலை கழட்டிடுங்க. நிக்கிற நேரத்துல ஹேண்டில்பாரை லேசா வலது பக்கம் திருப்புனா வண்டி தானா இடது பக்கம் சாயும், கழட்டுன காலு பக்கம். இந்த சின்ன விஷயம் தெரியாம தான் நிறைய பேர் இடது காலை கழட்டிட்டு வலது பக்கம் விழறாங்க.

நான் எப்படி விழுந்தேன்னு கேக்குறீங்களா, அதே மாதிரி தான். மூணாவது நாளு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு. கேட்டு மூடிட்டாங்கன்னு பெல் அடிக்குது, நான் அழகா இடது காலை கழட்டி ஸ்டைலா ஸ்லோ பண்றேன், பக்கத்துல ஷேர் ஆட்டோக்காரர் ஒரு அரை அடி உள்ள வந்தாரு, அவரை இடிக்காம இருக்க ஹேண்டிலை இடது பக்கம் ஒடிச்சேன், வண்டி வலது பக்கம் சாஞ்சுடுச்சு, வலது கால் பூட்டுல இருக்கு. வேகம் ஜீரோ. மரம் சாயுற மாதிரி மெதுவா, ரொம்ப மெதுவா சாஞ்சேன், யோசிக்க நேரம் இருந்துச்சு, குதிகால் மட்டும் ஞாபகத்துக்கு வரல, மேல இழுத்துட்டே விழுந்தேன். ஆட்டோல இருந்த ஒரு அம்மா "அய்யய்யோ தம்பிக்கு கால் சிக்கிடுச்சு பா" ன்னு எறங்கி வந்து ஷூவை பிடிச்சு இழுக்குறாங்க, "திருப்பணும்மா, இழுக்காதீங்க" ன்னு கீழ கிடந்துட்டு நான் கிளாஸ் எடுக்குறேன். முழங்கை தோல் போச்சு, மானம் போச்சு, ரயில் மட்டும் அரை மணி நேரமா வரல. எல்லாரும் ஒரு தடவை இப்படி விழுவாங்க, ஜீரோ ஸ்பீடுல தான் விழுவாங்க, அதனால முதல் வாரம் கையில க்ளவுஸ் போட்டுக்குங்க.

நம்ம ஏரியாவுல எங்கெங்க முன்கூட்டியே கழட்டணும்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு. கண்டெய்னர் லாரி வரிசையா நிக்கிற எடத்துல லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல பூந்து போறீங்கன்னா இடது கால் வெளிய இருக்கட்டும், அந்த சந்துல கிளீனர் எப்போ கதவை தொறப்பாருன்னு தெரியாது. உண்மையை சொல்லணும்னா அந்த சந்துல போகவே போகாதீங்க. காசிமேடு, ராயபுரம் பக்கம் மீன் வண்டில இருந்து ஐஸ் தண்ணி வடிஞ்சு ரோடு கொழகொழன்னு இருக்கும், வளைவுல மெதுவா போங்க, அங்க கால் மாட்டி இருக்கா இல்லையான்னு பிரச்சினை இல்ல, டயர் வழுக்குறது தான் பிரச்சினை. மழை நாள்ல வியாசர்பாடி கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னா ஷூ மாட்டிட்டு உள்ள இறங்குற வேலையே வேணாம், தண்ணிக்கு அடியில பள்ளம் எங்க இருக்குன்னு தெரியாது, சுத்திப் போங்க. தெரு நாய் தொரத்துனா மட்டும் கழட்டாதீங்க, மிதிங்க.

ஷூ, கிளீட், பெடல் எல்லாம் சேத்து பழைய ஒசரம் மாறிடும், அதனால சீட்டை சில மில்லிமீட்டர் ஏத்தவோ இறக்கவோ வேண்டி வரும், மிதிக்கும்போது இடுப்பு ஆடுச்சுன்னா சீட்டு ஒசரம். முட்டி முன்பக்கம் வலிச்சா முதல்ல சீட்டு தாழ்வா இருக்கான்னு பாருங்க. முட்டி உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலிச்சா கிளீட் கோணம் தப்பா இருக்கலாம், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், ஒரு டிகிரின்னு மாத்துங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் திருப்புனா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. விரல் மரத்துப் போனா முதல்ல ஷூ வாரை லூஸ் பண்ணி பாருங்க, அப்பவும் இருந்தா கிளீட்டை பின்னாடி தள்ளுங்க. ரெண்டு வாரம் கழிச்சும் வலி போகலன்னா ஓட்டுறதை நிறுத்திட்டு டாக்டரை பாருங்க.

பராமரிப்பு ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா கடல் காத்தும் எண்ணூர் பக்கத்து சாம்பல் தூசியும் சேந்து ஸ்பிரிங்கை அரிக்கும். வாரத்துக்கு ஒருவாட்டி பழைய டூத் பிரஷ்ஷால கொக்கியை தேச்சு, செயினுக்கு போடுற ஆயில்ல ஒரு சொட்டு ஸ்பிரிங்ல விட்டு துணியால துடைச்சுடுங்க. வீட்டுல இருக்குன்னு தேங்கா எண்ணெய் விடாதீங்க, தூசி எல்லாம் ஒட்டி களி மாதிரி ஆயிடும். கிளீட் போல்ட் தலை ஓட்டைல தாரும் மண்ணும் அடைச்சுக்கும், கழட்டுறதுக்கு முன்னாடி ஊக்கால குத்தி சுத்தம் பண்ணுங்க, அடைச்ச ஓட்டைல அலன் கீ விட்டு திருப்புனா ஆறு மூலையும் மழுங்கி, அப்புறம் டிரில் போட்டு தான் எடுக்கணும். கால் தானா கழண்டு வர ஆரம்பிச்சாலோ, மாட்டுன பிறகு லொடலொடன்னு ஆடுனாலோ கிளீட் தேஞ்சுடுச்சு, பெடலை மாத்த தேவையில்ல, கிளீட் மட்டும் புதுசு போடுங்க. பழசை கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தி மார்க்கர்ல கோடு போட்டு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க, புதுசை அதே கோட்டுக்குள்ள வச்சா திரும்ப அளக்க வேணாம்.

சைக்கிள் கடை அண்ணன் இப்போ எங்க தெருவுல நாலு பேருக்கு இந்த பெடல் மாத்தி குடுத்துட்டாரு. புதுசா யாராவது வந்தா கடை ஷட்டரை பிடிச்சுக்க சொல்லிட்டு "கழட்டு, மாட்டு, கழட்டு" ன்னு எண்ண சொல்றாரு, 50 எண்ணாம வண்டியை வெளிய விடறதில்ல.